ஸ்பைடர்மேன் 3: எல்லாரும் கழுவி ஊற்றிய படத்துக்கு என் வக்காலத்து

ஒரு வாசகரின் கேள்வி:
ஸ்பைடர்மேன் 2 மாதிரி ஒரு படத்தை எடுத்த அதே இயக்குநர், அதே நடிகர்கள், கையில் இன்னும் அதிகப் பணம். எப்படி மூன்றாம் பாகம் இவ்வளவு சொதப்பியது? மூன்று வில்லன்கள், நெற்றியில் விழுந்த முடி, நடுத்தெருவில் ஆட்டம், கடைசியில் ஒரு பட்லர். இதை இன்னும் தாங்கிப் பேசுகிறவர் யாராவது இருந்தால் ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள், போதும்.

ஜூன் 2, இரவு 11.10

நான் இருக்கிறேன். ஒரு காரணம் கேட்டீர்கள், ஒரு காட்சியைச் சொல்கிறேன். மணல் வில்லன் சாண்ட்மேன் பிறக்கிற காட்சி.

போலீஸ் துரத்த ஓடிவந்த ஃப்ளின்ட் மார்கோ ஆராய்ச்சிக்கூடப் பள்ளத்தில் விழுந்து மணலோடு மணலாகிவிட்டான். அடுத்து நாம் பார்ப்பது வெறும் மணல். கேமரா அவ்வளவு பக்கத்தில் போவதால் ஒவ்வொரு துகளும் கூழாங்கல் மாதிரி தெரிகிறது. துகள்கள் உருள்கின்றன, குவிகின்றன. ஒரு மேடு எழுந்து சரிகிறது. திரும்ப எழும்போது தலையும் தோளும் மாதிரி ஏதோ தெரிகிறது, முகம் மட்டும் இல்லை. நிற்கப் பார்க்கிறான், உடம்பு பொலபொலவென்று உதிர்கிறது. பக்கத்தில் மகளின் படம் வைத்த லாக்கெட் கிடக்கிறது. கையை நீட்டுகிறான். விரல்கள் லாக்கெட்டில் பட்டதும் உதிர்ந்துவிடுகின்றன. மீதியிருக்கிற கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்புறம் மறுபடி ஒருமுறை, பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது போல, விரல்களைக் கூட்டிச் சேர்த்து அதைப் பிடித்துவிடுகிறான்.

வசனம் ஒரு வார்த்தை கிடையாது. கிறிஸ்டஃபர் யங்கின் இசை மட்டும். மற்ற படங்களில் வில்லன் பிறந்தால் கத்துவான், சிரிப்பான், கண்ணில் பட்டதை உடைப்பான். இங்கே ஓர் அப்பா கீழே விழுந்த பொருளை எடுக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான். இந்த இரண்டு மூன்று நிமிடத்துக்காக அந்தப் படத்தின் மொத்தக் குளறுபடியையும் நான் பொறுத்துக்கொள்வேன்.

ஜூன் 3, காலை 7.30

ராத்திரி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். இரண்டாம் பாகத்துக்குச் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது. மூன்றாம் பாகம் அந்தப் பிரிவின் மூன்று படப் பட்டியலில்கூட இல்லை. மணல் எப்படிச் சரிகிறது, எப்படித் தெறிக்கிறது என்று பல வகை மணலை வைத்துச் சோதித்துப் பார்த்து உருவாக்கிய காட்சி அது. நடிகர்கள்மேல் நிஜ மணலைக் கொட்டினால் ஆபத்து என்ற இடங்களில் மக்காச்சோளக் கதிரின் சக்கையை அரைத்துப் பயன்படுத்தினார்கள். மார்கோவாக நடித்த தாமஸ் ஹேடன் சர்ச் அந்த உடம்புக்காக ஒரு வருடத்துக்கு மேல் உடற்பயிற்சி செய்தார். இவ்வளவு உழைப்பும் 'மோசமான படம்' என்ற ஒரே சொல்லுக்குள் போய்விட்டதே என்பதுதான் என் ஆதங்கம்.

ஜூன் 3, மதியம் 1.15

சரி, குறைகளுக்கு வருவோம். படம் குறையில்லாதது என்று நான் சொல்லவே இல்லை.

வில்லன்களில் வெனம் இந்தப் படத்துக்குத் தேவையில்லை. இயக்குநர் சாம் ரைமி வளர்ந்தது 60களின் காமிக்ஸில். சாண்ட்மேன் அந்தக் காலத்து ஆள், 1963இல் வந்தவன். வெனம் 1988இல்தான் வருகிறான். ரைமிக்கு அந்தப் பாத்திரத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. ரசிகர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று தயாரிப்பாளர் ஏவி அராட் சொல்லித்தான் உள்ளே வந்தது. பிற்பாடு ஒரு பேட்டியில், படம் சரியாக அமையவில்லை, எல்லாப் பாத்திரங்களையும் தன்னால் நம்ப முடியவில்லை என்று ரைமியே ஒப்புக்கொண்டார். இயக்குநருக்கே நம்பிக்கை இல்லாத பாத்திரத்தை நான் நம்பி என்ன ஆகப்போகிறது?

ஆனால் வெனமாக மாறுகிற எடி ப்ராக் என்ற மனிதன் வேறு, வெனம் என்ற மிருகம் வேறு. ப்ராக் சர்ச்சுக்குப் போய், ஸ்பைடர்மேனான பீட்டர் சாகவேண்டும் என்று மண்டியிட்டுக் கடவுளிடம் கேட்கிறானே, அது அபாரமான இடம். மேலே மணிக்கூண்டில் பீட்டர், தன்னைத் திமிர் பிடிக்க வைத்த கறுப்பு உடையை, அந்த வெறுப்பை, உடம்பிலிருந்து பிய்த்து எறிகிறான். கீழே ஒருவன் அதே வெறுப்பைப் பிரார்த்தித்து வாங்கிக்கொள்கிறான். பல்லும் நாக்குமாக அவன் மாறியதும்தான் எனக்கு ஆர்வம் போய்விடுகிறது.

ஜூன் 3, மதியம் 1.40

'ஃப்ளாப் படம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கிடையாது. செலவு சுமார் 26 கோடி டாலர், உலக வசூல் சுமார் 89 கோடி டாலர். ரைமியின் மூன்று ஸ்பைடர்மேன்களில் அதிகம் வசூலித்தது இதுதான். எல்லாரும் போய்ப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் திட்டினார்கள்.

ஜூன் 5, இரவு 10.20

நடனம். இதற்கு வந்துதானே ஆகவேண்டும்.

நெற்றியில் முடியை இழுத்துவிட்டுக்கொண்டு, கறுப்புக் கோட்டில், தெருவில் இடுப்பை ஆட்டிக்கொண்டு பீட்டர் போகிறான். மீம் போடுகிறவர்கள் எல்லாரும் பீட்டரை மட்டும்தான் வெட்டி எடுக்கிறார்கள். முழுக் காட்சியைப் போட்டு, எதிரில் வருகிற பெண்களைப் பாருங்கள். இவன் கண்ணடிக்க, அவர்கள் முகம் சுளித்துக்கொண்டு ஒதுங்கிப் போகிறார்கள். தான் பெரிய மன்மதன் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், தெருவே அவனைக் கோமாளியாகப் பார்க்கிறது. இயக்குநர் தெரியாமல் செய்த தப்பு என்றால் அந்த முகங்களை ஏன் எடுத்து வைக்கிறார்?

கூச்ச சுபாவமுள்ள ஒரு பையனுக்குத் திடீரென்று திமிர் வந்தால் எப்படி இருக்கும்? திமிரில் பழக்கம் இல்லாததால் எங்கேயோ பார்த்ததைக் காப்பியடிப்பான். வகுப்பில் பேசவே பயந்த பையன் ஒருவன் வேலை கிடைத்த முதல் மாதம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து எங்களையெல்லாம் 'என்னப்பா' என்று தோளில் தட்டியது ஞாபகம் வருகிறது. டோபி மெக்குவயர் அதை அப்படியே பிடித்திருக்கிறார்.

ஜாஸ் கிளப்பில் அந்த ஆட்டம் எங்கே போய் முடிகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தள்ளுமுள்ளில் அவன் கை பட்டு, அவன் காதலித்த மேரி ஜேன் கீழே விழுகிறாள். நம்மைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்து அங்கே அறைகிறார் ரைமி.

ஜூன் 6, இரவு 9.45

தங்கச்சி மகனுக்குப் பத்து வயது. படத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆள் கிடைத்தானே என்று இன்றைக்கு உட்கார வைத்துப் பாதிப் படம் போட்டேன். தெரு நடனத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தான். கிளப்பில் மேரி ஜேன் விழுந்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. 'மாமா, இவன் கெட்டவனா ஆயிட்டானா?' என்றான். மேலே நான் எழுதியதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லித் தூங்க அனுப்பியிருக்கிறேன். நாளை என்றது எத்தனை நாள் தள்ளிப்போகுமோ, அவனுக்குப் பரீட்சை வேறு இருக்கிறது.

ஜூன் 9, மாலை 6.05

பீட்டரை வளர்த்த பென் மாமா செத்த விஷயத்தை ஒருவர் கிளப்பியிருக்கிறார். இதுதான் எனக்கும் வலிக்கிற இடம்.

2002இல் வந்த முதல் பாகத்தின் முதுகெலும்பே ஒரு குற்ற உணர்வுதான். திருடன் ஓடிவருகிறான், பீட்டர் வேண்டுமென்றே ஒதுங்கி வழி விடுகிறான், அந்தத் திருடன்தான் பென் மாமாவைக் கொன்றான் என்று பிறகு தெரிகிறது. மூன்றாம் பாகம் வந்து, சுட்டது அவனில்லை, கூட்டாளி மார்கோ என்கிறது. அப்படியென்றால் பீட்டர் இத்தனை நாள் சுமந்தது வீண் சுமையா? அவன் ஒதுங்கி நின்றதுக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லையா? முதல் படத்தையே பிடுங்கிப் போட்டுவிட்டதே இது.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 9, மாலை 6.30

பீட்டரின் நண்பன் ஹாரி வீட்டு வேலைக்காரர், அந்தப் பட்லரையும் இதோடு சேர்த்துவிடுகிறேன். ஹாரியின் அப்பா எப்படிச் செத்தார் என்ற உண்மை தெரிந்தும் இத்தனை நாள் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, க்ளைமாக்ஸுக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து ஹாரியிடம் சொல்கிறார். அப்பாவைக் கொன்றது பீட்டர்தான் என்று நம்பி ஹாரி நண்பனையே கொல்லப் போனபோது எங்கே போயிருந்தார்? இதைத் தாங்கிப் பேச எனக்கு வாய் வராது.

ஜூன் 14, இரவு 12.50

9ஆம் தேதி எழுதியது தப்பு. பட்லர் இல்லை, பென் மாமா விஷயம். தூக்கம் வரவில்லை, எழுதிவிட்டுத்தான் படுக்கப்போகிறேன்.

தங்கச்சி மகனோடு மீதிப் படத்தைப் பார்த்தேன். கடைசியில் மார்கோ நடந்ததைச் சொல்கிற இடத்தில் அவன் தண்ணீர் கேட்டதால் படத்தை நிறுத்தி, திரும்பப் போடும்போது கொஞ்சம் பின்னால் போய்விட்டது. அதனால் அந்தக் காட்சியை இரண்டு முறை பார்க்க நேர்ந்தது.

நடந்தது இதுதான். தப்பிக்க மார்கோவுக்கு ஒரு வண்டி வேண்டும். பென் மாமா காரில் இருக்கிறார். துப்பாக்கியைக் காட்டுகிறான். அவர் பயப்படாமல், அதைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று பொறுமையாகச் சொல்கிறார். மார்கோ தயங்கி நிற்கிறான். அந்த நேரத்தில் கூட்டாளி பணப்பையோடு ஓடிவந்து அவன் கையைப் பிடிக்கிறான், துப்பாக்கி வெடிக்கிறது.

அந்தக் கூட்டாளி எங்கேயிருந்து ஓடிவருகிறான்? பீட்டர் ஒதுங்கி வழிவிட்ட கட்டடத்திலிருந்து. பீட்டர் அவனை அங்கேயே பிடித்திருந்தால் அந்தத் தெருவுக்கு யாருமே ஓடிவந்திருக்க மாட்டார்கள். அந்தக் கை மார்கோவின் கைமேல் விழுந்திருக்காது. ஒரு வேளை மார்கோ துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கே போயிருப்பான், நோயாளியான அந்த மகளிடம்.

அதாவது முடிச்சு அவிழவில்லை, இன்னும் இறுகியிருக்கிறது. விசையில் இருந்தது மார்கோவின் விரல், அதை அழுத்த வைத்த கையை அனுப்பியது பீட்டர். மன்னிப்புக் கேட்கிறவனும் கொடுக்கிறவனும் ஒரே சாவில் ஆளுக்கொரு பங்கு வைத்திருக்கிறார்கள். நானும் பயங்கரமான காரியங்கள் செய்திருக்கிறேன் என்ற அர்த்தத்தில் பீட்டர் அங்கே ஒன்று சொல்கிறான். இத்தனை வருடம் அது கறுப்பு உடையில் செய்ததைப் பற்றிய பேச்சு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அது வேறு மாதிரி கேட்டது.

படத்தில் இதற்கு யாரும் அடிக்கோடு போடவில்லை. சில நொடிகளில் வந்து போகிறது, அதற்குள் ஹாரியின் சாவு வந்துவிடுகிறது. 2007இல் பார்த்த எனக்கு இவ்வளவு காலம் கழித்துத்தான் கண்ணில் பட்டது என்றால் படத்தொகுப்பின் அவசரத்தைக் குறை சொல்லலாம், சொல்லுங்கள். கதை பிடுங்கிப் போடப்பட்டது என்பதை மட்டும் இனிமேல் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜூன் 14, காலை 8.00

இன்னொன்று. கதாநாயகன் வில்லனை மன்னித்து, அவன் மணலாகக் காற்றில் கலைந்து போவதை நின்று பார்க்கிறான். பிடித்துக் கொடுக்கவில்லை, அடிக்கவில்லை. சூப்பர்ஹீரோ படத்தில் ஒரு கொலைகாரன் இப்படி நடந்து போகவிடப்பட்டதாக எனக்கு வேறெதுவும் ஞாபகம் வரவில்லை. இருந்தால் சொல்லுங்கள், நிச்சயமாகப் பார்க்கிறேன்.

ஜூன் 15, இரவு 9.10

2017இல் வெளிவந்த, இந்தப் படத்தை மாற்றித் தொகுத்த 'எடிட்டர்ஸ் கட்' பற்றிக் கேட்டிருந்தார்கள். ரைமியின் படத்தொகுப்பாளர் பாப் முராவ்ஸ்கி தொகுத்தது. இரண்டு நிமிடம் குறைவு, சில காட்சிகள் இடம் மாறியிருக்கின்றன, இசை சில இடங்களில் வேறு. அதில் பட்லர் வந்து பேசுகிற காட்சி இல்லை. ஹாரி ஒரு பழைய போட்டோவைப் பார்த்து, தானாகவே முடிவெடுத்துக் கிளம்புகிறான். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. யாரோ வந்து உண்மையைச் சொன்ன பிறகு நண்பனுக்கு உதவுவதில் என்ன இருக்கிறது?

ஜூன் 21, இரவு 11.55

மேலே உள்ள கடைசி வரியைப் படித்துப் படித்து உறுத்திக்கொண்டே இருந்தது. சொல்லிவிடுகிறேன்.

2007இல் இந்தப் படத்தை நான் ஒரு நண்பனோடு பார்த்தேன். வெளியே வந்து ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். அவனுக்குப் படம் மொக்கை, எனக்கு இல்லை. அது நல்ல சண்டை. நிஜச் சண்டை பிறகு வந்தது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். நான் தனியாக நம்பிச் சொன்ன ஒரு விஷயம் மேலதிகாரி காதுக்குப் போய் என் வேலை போனது. அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். ஆறு வருடம் அவனோடு பேசவில்லை. போன் செய்தான், எடுக்கவில்லை. வீடு தேடி வந்தான், உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்ல வைத்தேன்.

ஒரு கல்யாணப் பந்தியில் பழைய அலுவலக ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில், அன்றைக்கு நாங்கள் பேசியது பக்கத்து அறையில் இருந்தவருக்குக் கேட்டுவிட்டது, அவர்தான் போய்ச் சொன்னார் என்றார். சோறு தொண்டையில் இறங்கவில்லை. 'ஏன் சார் இத்தனை நாளா சொல்லலை?' என்றேன். 'நீங்க கேக்கவே இல்லையே தம்பி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்' என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

பட்லர் காட்சி நம்பும்படி இல்லை என்று 9ஆம் தேதி எழுதியது நான்தான். எனக்கு அது அப்படியே நடந்திருக்கிறது. உண்மை தெரிந்தவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் மறைப்பதில்லை. நமக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆனாலும் 15ஆம் தேதி சொன்னதை நான் வாபஸ் வாங்கவில்லை. போட்டோவைப் பார்த்துக் கிளம்புகிற ஹாரிதான் உசத்தி. ஏனென்றால் நான் அப்படிக் கிளம்பவில்லை. பந்தியில் உண்மை தெரிந்த பிறகுதான் போன் செய்தேன். அவன் எடுத்தான், பேசினான். இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை பேசிக்கொள்கிறோம். பழைய மாதிரி இல்லை. ஆறு வருடம் ஆறு வருடம்தான்.

சூரியன் உதிக்கிற நேரத்தில் பீட்டர் மடியில் ஹாரி சாகிற இடத்தை ஜேம்ஸ் ஃப்ராங்கோ மிகையாக நடிக்கிறார் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். நான் அந்த இடத்தில் நடிப்பைப் பார்க்கிற நிலையில் இருப்பதில்லை.

ஜூன் 22, மதியம் 2.20

கனமாகப் போய்விட்டது. ஒரு சின்னக் காட்சியைச் சொல்லி லேசாக்குகிறேன். கறுப்பு உடையின் போதையில் பீட்டர் வீட்டுக்கார டிட்கோவிச்சிடம், கதவைச் சரிசெய்து கொடுத்தால்தான் வாடகை என்று கத்திவிட்டுப் போகிறான். இரண்டு படமாக வாடகை, வாடகை என்று அவனை விரட்டிய மனிதர் அவர். பதிலுக்குக் கத்துவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவரோ, நல்ல பையன், ஏதோ கஷ்டத்தில் இருக்கிறான் போல என்கிற மாதிரி சொல்லி நிற்கிறார். மன்னிப்பைப் பற்றிய இந்தப் படத்தில் முதலில் மன்னிக்கிறவர் அந்த வீட்டுக்காரர்தான். அந்தச் சில நொடிகளைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

ஜூலை 4, இரவு 10.35

படம் முடியும் விதத்தைப் பற்றி எழுதாமல் விட்டிருக்கிறேன். முதல் இரண்டு பாகமும் ஸ்பைடர்மேன் நகரத்துக்கு மேலே ஊஞ்சலாடிப் போவதில் முடியும். கைதட்டிக்கொண்டே எழுந்திருப்போம். மூன்றாவதில் அது இல்லை. மேரி ஜேன் கிளப்பில் பாடிக்கொண்டிருக்கிறாள். பீட்டர் வந்து நின்று கையை நீட்டுகிறான். அவள் பாட்டை நிறுத்திவிட்டு வருகிறாள். இரண்டு பேரும் மெதுவாக அசைந்து ஆடுகிறார்கள், முகத்தில் சிரிப்பு இல்லை. சேர்ந்துவிட்டார்களா என்றுகூடத் தெரியவில்லை. அவளைக் கீழே தள்ளிய அதே தளத்தில், இப்போது இரைச்சல் இல்லாமல் ஓர் ஆட்டம். நாலாம் பாகம் 2010இல் கைவிடப்பட்டதால் ரைமியின் கதைக்கு இதுவே முடிவாக நின்றுவிட்டது. இதைவிட நேர்மையான முடிவை நான் கேட்க மாட்டேன்.

ஜூலை 5, இரவு 8.15

படத்தின் உண்மையான குறையைத் தங்கச்சி மகன்தான் கண்டுபிடித்தான். நாம் இங்கே வெனம், முடி, பட்லர் என்று ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், யாருக்கும் தோன்றவில்லை. ஜூன் 14 அன்று படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது கேட்டான். 'மாமா, அந்தப் பாப்பாவுக்கு உடம்பு சரியாச்சா?'

மார்கோவின் மகள் பென்னி. அவன் திருடியதும், வெனத்தோடு சேர்ந்ததும் அவளுக்காகத்தான். அவள் பிழைத்தாளா என்று படம் சொல்வதே இல்லை. காற்றில் கலைந்து போகிற அப்பா எங்கே போனார் என்றும் சொல்வதில்லை. நான் ஏதோ சமாளித்தேன், அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

நேற்று அவனோடு 2021இல் வந்த ஸ்பைடர்மேன் படம் 'நோ வே ஹோம்' பார்த்தேன். பதினான்கு வருடம் கழித்து அதே சாண்ட்மேன் வருகிறான், பெரும்பாலான நேரம் மணலாகவே. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளைப் பார்க்கவேண்டும், வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்கிறான். பையன் சட்டென்று என் பக்கம் திரும்பினான்.

'மாமா, இருக்கா! அவ இருக்கா!'

படத்தை நிறுத்தச் சொல்லி, ஓடிப்போய் அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தான்.